பன்னிரண்டாவது வரி

பதினோரு ஆட்டம், இரண்டு வெற்றி என்று எழுதியதும் அமலோற்பவத்தின் பேனா நின்றுவிட்டது. அந்த இரண்டில் ஒன்று எதிரணியின் பஸ் வாடிப்பட்டி தாண்டிப் பழுதாகி நின்றதால் கிடைத்தது. அதையும் வெற்றி என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அது அவளுக்கு இருந்தது, எழுதியும்விட்டாள், ஆனால் எழுதின கை மேசைக்கு அடியில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. தேர்வு அறையில் கண்காணிப்புக்கு வந்திருப்பவர்கள் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்பது விதி. செல்போன் கூடாது, புத்தகம் கூடாது, பக்கத்து அறை மேடத்தோடு வாசலில் நின்று பேசக் கூடாது. அதனால் அந்த அறிக்கைப் படிவத்தை வருகைத் தாளுக்கு அடியில் செருகி, நுனியை மட்டும் வெளியே இழுத்து, வராந்தாவில் யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் உள்ளே தள்ளி, இப்படி ஒரு மணி நேரமாகப் பிட் அடிக்கிற பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தோரு வயது. இந்த மகளிர் கல்லூரியில் இருபத்து மூன்று வருஷமாக உடற்கல்வி இயக்குநர், பிள்ளைகள் வாயில் பி.டி. மேடம். எதிரே முப்பத்திரண்டு பிள்ளைகள் பொருளாதாரம் முதலாம் ஆண்டு செமஸ்டர் எழுதிக்கொண்டிருக்க, திரும்பாதே, பார்க்காதே என்று அவர்களை அதட்ட வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்கிற காரியம் இது. கூடைப்பந்து அணியின் இவ்வாண்டு நிலவரமும் வருங்கால வாய்ப்புகளும் என்று படிவத்தின் தலைப்பில் இருந்தது. ஒன்றரைக்கு அது முதல்வர் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டரைக்கு, அணி வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கக் கமிட்டி.

படிவத்தில் ஐந்து கட்டங்கள். ஆடியது, வென்றது, தோல்விக்கான காரணம், சலுகையிலிருந்து நீக்க வேண்டிய வீராங்கனைகள், அடுத்த ஆண்டுத் திட்டம். மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் முதல்வர் கற்பகவல்லி தன் கையால் 'பெயருடன்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். நேற்று கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னார். மழை, மைதானம், பயிற்சி போதவில்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டு வராதீர்கள், கமிட்டியில் இருக்கிறவர்கள் கண்ணுக்கு அந்த மைதானம் ஏற்கெனவே ஸ்கூட்டி நிறுத்துகிற ஷெட்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது, யாரால் கோளாறு என்று காட்டிவிட்டால் அந்த ஒரு ஆளை எடுத்துவிட்டு அணியை வைத்துக்கொள்ளலாம் என்று நானே பேசுகிறேன், என்றார். அது நல்ல மனதோடு சொன்னதுதான். போகும்போது, யாரால் என்பதுதான் உங்களுக்கே தெரியுமே, அன்றைக்குப் போனில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று வேறு சொல்லிவைத்தார். ஆமாம், அவள்தான் சொன்னாள். தோற்றுத் திரும்புகிற வேனில், முன் சீட்டில் உட்கார்ந்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள். பிள்ளைக்கு ஒழுங்கு இல்லை மேடம், நேரத்துக்கு வரவில்லை, அதனால் இறக்கவில்லை, நாற்பத்தொன்று நாற்பத்து நான்கு, மூன்றே பாயிண்ட். அந்தப் பிள்ளை மூன்று சீட்டுக்குப் பின்னால் இருந்தது. குரலைத் தாழ்த்தியிருக்கலாம். தாழ்த்தினால் பொய் என்று ஆகிவிடும் என்று அப்போது தோன்றியதோ என்னவோ.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. பாண்டிமீனா. காலையில் டூட்டி லிஸ்டில் அறை எண்ணைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே வந்து கதவருகே நின்று, பெஞ்சுக்குள் அடங்காமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளக் கால்களைப் பார்த்த பிறகுதான் அது யார் இருக்கிற அறை என்று அமலோற்பவத்துக்கு உறைத்தது. ஐந்தடி ஒன்பது அங்குலம். இடது கைக்காரி. நிலக்கோட்டைப் பக்கம், வீட்டில் எல்லாரும் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்ததால்தான் கட்டணம் இல்லாமல் படிப்பு, விடுதி, சாப்பாடு. நான்காவது கட்டத்தில் பெயர் ஏறினால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும், பிள்ளையும் ஊருக்குப் போய்விடும். பத்தரை மணிக்கு விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தபோது அந்தப் பெஞ்சைச் சீக்கிரமாகத் தாண்டிவிடத்தான் பார்த்தாள். முடியாது, பதிவெண்ணைச் சரிபார்க்க வேண்டும். பாண்டிமீனா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, எண்ணுக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினாள். மற்ற எந்தப் பிள்ளையும் அப்படிக் காட்டவில்லை. அமலோற்பவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, சரி, சரி என்று இரண்டு தடவை சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போடுவதைப் பாண்டிமீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போடும்போது பிள்ளைகள் எல்லாரும்தான் பார்க்கிறார்கள், வேறெங்கே பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த பெஞ்சுக்குப் போனாள். அடுத்த பெஞ்சில் எண்ணைப் பார்த்தாளா என்பது இப்போது அவளுக்கே ஞாபகமில்லை.

காரணம் என்ற கட்டத்தில் 'பா' என்று ஒரே ஒரு எழுத்து எழுதி வைத்திருந்தாள். அதைக் காலை பத்து ஐம்பதுக்கு எழுதினாள். பாண்டிமீனா என்றும் முடிக்கலாம், பாதிப் பேர் புதியவர்கள் என்றும் முடிக்கலாம், பாழாய்ப்போன மைதானம் என்றும் முடிக்கலாம், ஆனால் பெயருடன் என்று சிவப்பு மை சொல்கிறது. முதலில் நிலவரத்தை யோசிப்போம், பெயர் பிறகு வரட்டும் என்று மனதை இழுத்து அணிக்குக் கொண்டுவந்தாள். நிலவரம் என்னவென்றால், பன்னிரண்டு பேரில் கூடைப்பந்து தெரிந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் கபடியிலிருந்து வந்தவர்கள், பந்தோடு ஓடிவருகிறவளைக் கண்டால் கை பரபரக்கும், கட்டிப்பிடித்துவிடுவார்கள், விசில் ஊதினபிறகு விடமாட்டேன் என்பார்கள். இன்னொருத்தி டீ ஷர்ட்டுக்காக வந்தவள், அதை அவளே சொன்னாள், ஒளிக்கவில்லை. கேப்டன் ரோஸ்லின் மூன்றாம் வருஷம், நல்ல ஆட்டக்காரி, ஆனால் பந்து கைக்கு வந்தால் குடும்பச் சொத்து மாதிரி யாருக்கும் கொடுக்க மாட்டாள். வடக்குப் பக்க வளையத்தில் டிசம்பரிலிருந்து வலை இல்லை. சிமெண்டு வெடிப்பில் புல் முளைத்து, அதில் ஒரு சின்ன மஞ்சள் பூவும் பூக்கிறது. முதல் ஆட்டத்தில் முப்பத்தாறு பாயிண்டில் தோற்றார்கள், அதற்கடுத்து முப்பது, பிறகு பத்தொன்பது, பிறகு ஒரு வெற்றி, நிஜமான வெற்றி, அன்று ரோஸ்லின் அழுதாள். ஜனவரியில் தோற்றதெல்லாம் ஏழுக்கும் எட்டுக்கும்தான். யார் பார்த்தாலும் ஏறுமுகம். ஏன் ஏறுமுகம் என்று எந்தக் கமிட்டிக்காரர் கேட்டாலும் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, ஜூலையில் வந்து சேர்ந்த ஒரு இடது கைக்காரி. இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்கப்போகிறவள். வருங்கால வாய்ப்பு என்று ஐந்தாவது கட்டத்தில் உண்மையாக ஏதாவது எழுத வேண்டுமானால் அங்கேயும் அந்தப் பெயர்தான் வரும். மூன்றில் ஒரு பெயர், நான்கிலும் அதே பெயர், ஐந்திலும் அதே பெயர். நினைத்தபோது சிரிப்பு வந்தது, இருமுவதுபோல் சமாளித்தாள். முன் பெஞ்சுப் பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது.

எல்லாம் அந்த ஏழு என்கிற எண்ணால் வந்தது. பாண்டிமீனாவின் ஜெர்சியில் முதுகுப்பக்கம் ஏழு என்ற துணி எண் தையல் விட்டுத் தொங்கியது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அமலோற்பவம்தான் சொன்னாள், தைக்க முடிந்தால் ஏழைப் போடு, முடியாவிட்டால் ஸ்டோரில் இருக்கிற பதினைந்தைப் போட்டுக்கொண்டு வா. காலை ஆறு மணிக்கு வேன். எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், அவளைக் காணோம். ஆறு ஐந்துக்கு விடுதி கேட்டிலிருந்து ஓடிவந்தாள், கையில் ஜெர்சி, அதில் ஊசி நூலோடு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஊசியை அமலோற்பவம் பார்த்தாள். அதை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பார்த்தாள், ஊசி வெயில் பட்டுப் பளிச்சென்றது, இல்லை, அவ்வளவு காலையில் வெயில் ஏது, வேனின் விளக்காக இருக்கும். எதற்காகத் தாமதம் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் காக்க வைத்தவள் முதல் குவார்ட்டர், அந்தப் பத்து நிமிஷமும், வெளியே உட்காரட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிள்ளை சரி மேடம் என்று சொல்லி ஏறி, கடைசி சீட்டுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து மிச்சத்தைத் தைத்தது. அது தண்டனைதான், சின்னத் தண்டனை, எந்தப் பயிற்சியாளரும் கொடுப்பது. அதோடு நின்றிருந்தால் இன்று அவள் காலை நீட்டி உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். மதுரையில் அந்தக் கல்லூரி மைதானத்தில் மரத்தரை, மேலே கூரை, உட்கார நாற்காலி. ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் ஸ்கோர் ஷீட்டில் தங்கள் பிள்ளைகள் பெயரும் எண்ணும் சரி என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வரிகள். போட்ட பிறகு யாரையும் சேர்க்க முடியாது, யாரையும் எடுக்க முடியாது. பதினோரு பெயரையும் அவள்தான் எழுதினாள். ஏழா பதினைந்தா என்று பிள்ளையிடம் கேட்டு எழுதுவோம் என்று பன்னிரண்டாவது வரியை விட்டுவைத்தாள். அதற்குள் யாரோ தண்ணீர் கேனைப் பற்றிக் கேட்டார்கள், யாருக்கோ முழங்காலில் கட்டுப் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது எதிரணியின் பயிற்சியாளர் மேசையில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் விசில், கையில் டேப்லெட், குதிகாலை ஊன்றாமல் நிற்கிற பழக்கம். வாங்க மேடம், நீங்க யுனிவர்சிட்டிக்கு ஆடினவங்கன்னு எங்க பழைய கோச் சொல்லுவாங்க என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அமலோற்பவம் நிமிர்ந்து நின்றாள். கண்ணாடி பையில் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு மூக்கைச் சுளித்துத் தாளில் குனிய அந்த நேரத்தில் மனம் வரவில்லை. எழுத்தெல்லாம் கலங்கலாகப் பன்னிரண்டு வரி நிறைந்தாற்போலத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டாள், அழகாக, வால் இழுத்து.

இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மறதியைச் சொல்லிவிடலாம், மறதி எல்லாருக்கும் உண்டு. ஒரு இளம் பெண் முன்னால் வயதாகிவிட்டதாகக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டுக் கண்ணாடி போடவில்லை என்று எப்படிச் சொல்வது. கணவர் ஆரோக்கியத்திடம்கூட முதல்வரிடம் சொன்ன அதே கதையைத்தான் சொன்னாள், அவரும் விடு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று அவளுக்குப் பரிந்து பேசினார், பரிந்து பேசியது தாங்க முடியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டு, கோபப்பட்டேன் சாமி, மாமியாரைப் பற்றிப் புறம் பேசினேன் சாமி, ஒரு ஞாயிறு பூசைக்கு வரவில்லை சாமி என்று சில்லறையாக எடுத்து வைத்துவிட்டு, பெரிய நோட்டை மடியிலேயே முடிந்துகொண்டு எழுந்து வந்தாள். சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். ஆறு சொன்னாள். அது என்ன நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது மின்விசிறி நின்றது, கரண்ட் போய்விட்டது, முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், ஜன்னல் வழியாக வேப்பம்பூ வாசம் வந்தது, பிறகு ஜெனரேட்டர் உறுமி விசிறி சுற்றத் தொடங்கியதும் தாள்கள் படபடத்தன. அறிக்கையின் நுனி வெளியே பறந்தது. அதைச் சட்டென்று கையால் அமுக்கினாள். பாண்டிமீனா அதைப் பார்த்தாளா. பார்க்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளைக்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டு மாதமாக அமலோற்பவத்துக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். பிள்ளைக்குத் தெரியாது, தாமதமாக வந்ததற்குத் தண்டனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அதற்கு வருத்தம் உண்டு, அவமானம் கிடையாது.

இந்த இடத்துக்கு வரும்போது நினைவில் எப்போதும் ஒரு சின்ன இடறல். இரண்டாம் குவார்ட்டர் தொடங்கும்போது ஒன்பதுக்குப் பதினான்கு. போ மீனா, இறங்கு என்று சொன்னாள். பிறகு மேசையிலிருந்து ஸ்கோரர் கை காட்டிக் கூப்பிட்டார், அமலோற்பவம் போனாள், அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டாவது வரி வெறுமையாக இருந்தது, அதற்குக் கீழே வால் இழுத்த கையெழுத்து. இப்போது எழுதிக்கொள்ளுங்கள் சார், பிள்ளை இங்கேதானே நிற்கிறது என்று கெஞ்சினாள். அவர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்து உங்களோடதுதானே மேடம்" என்றார், அவ்வளவுதான். பிள்ளை இங்கேதானே நிற்கிறது. இந்த வார்த்தை ஞாபகத்தில் வரும்போதெல்லாம் அமலோற்பவம் அதை வேகமாகக் கடந்துவிடுவாள். இங்கே என்றால் மைதானத்தில் என்று அர்த்தம், மேசைப் பக்கத்தில் என்று அர்த்தமில்லை. பிள்ளை பெஞ்சின் ஓரத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தது, அப்படித்தான் அவள் நினைவில் இருக்கிறது. சில நாள் தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்கும். சில நாள் மேல் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு, முகம் துணிக்குள் மறைந்து, ஒன்றும் பார்க்காமல் இருக்கும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மேசையிலிருந்து நாலைந்து கஜம் தள்ளித்தான் நிறுத்துவாள். திரும்பி வந்தபோது ரோஸ்லின், ஏன் மேடம், மீனா இறங்கலையா என்று கேட்டாள், எல்லா முகமும் அவளைப் பார்த்தது, அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை, வாய் தானாகத் திறந்து, "லேட்டா வந்தவளுக்கு இன்னைக்கு ஆட்டம் கிடையாது, தோத்தாலும் சரி" என்று சொல்லிவிட்டது. சொன்னதும் எல்லா முகமும் அங்கிருந்து நகர்ந்து பாண்டிமீனாவிடம் போய்விட்டது. அது எவ்வளவு சுகமாக இருந்தது. நெஞ்சில் வைத்த பாறையை யாரோ எடுத்த மாதிரி இருந்தது என்பதை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது. ஆட்டம் முடிந்து வேன் பக்கத்தில் நின்றபோது பாண்டிமீனா எல்லார் முன்னாலும் வந்து, கையை டிராக் பேண்டில் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் என்னைய மன்னிச்சிருங்க, என்னாலதான்" என்றாள். அமலோற்பவம் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு விடுதியில் அந்தப் பிள்ளையோடு மற்றவர்கள் சாப்பிட உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டாள். அதற்குப் பிறகு பரீட்சை லீவு விடும்வரைக்கும் ஆறு மணிப் பயிற்சிக்கு ஐந்தரைக்கே வந்து, மைதானத்துக் கேட் பூட்டியிருக்க, வெளியே கல்லில் உட்கார்ந்திருக்கும். சாவியோடு வருகிற அமலோற்பவத்தைக் கண்டதும் எழுந்து நிற்கும். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணி அடித்தது. இன்னும் அரை மணி இருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னாள். கூடுதல் தாள் வேண்டுமென்று இரண்டு பேர் கை தூக்கினார்கள், கொடுத்தாள், கட்டுவதற்கு நூலும் கொடுத்தாள். ஜன்னலோரப் பெஞ்சைப் பார்க்காமல் திரும்பிவிடத்தான் நினைத்தாள், பார்த்துவிட்டாள். பாண்டிமீனா வினாத்தாளில் எந்தக் கேள்வி விட்டுப்போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தாள். விரலை மேலே வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த விரல் இறங்குவதைப் பார்த்தபோது அமலோற்பவத்துக்குக் காது அடைத்தது. ஸ்கோரரின் விரலும் அப்படித்தான் இறங்கியிருக்கும். அவர் எதற்காக விரலை வைத்துத் தேட வேண்டும், யார் வந்து தேடச் சொன்னது. மாற்று ஆட்டக்காரி தானே மேசைக்குப் போய்த் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், பயிற்சியாளர் போய்ச் சொன்னால் செல்லாது. இதை இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் புதுப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள், கூச்சப்படாமல் நிமிர்ந்து போய்ச் சொல்லு, எண்ணைச் சத்தமாகச் சொல்லு என்று. பாண்டிமீனா நிமிர்ந்துதான் போயிருப்பாள். ஏழு என்று சத்தமாகத்தான் சொல்லியிருப்பாள். விரல் இறங்கி இறங்கிப் பன்னிரண்டாவது வரிக்கு வந்து நின்றதை அவள்தான் முதலில் பார்த்தாள். லேஸ் கட்டவில்லை, தண்ணீர் கேன் பக்கம் போகவில்லை. மேசையில் கை வைத்து நின்றிருந்தாள், அமலோற்பவம் கெஞ்சும்போது அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள், கையெழுத்து உங்களுடையதுதானே என்பதையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளை இங்கேதானே நிற்கிறது. தெரிந்துகொண்டுதான் பெஞ்சுக்குத் திரும்பினாள், தெரிந்துகொண்டுதான் அந்தப் பொய்யைக் கேட்டாள், தெரிந்துகொண்டுதான் மன்னிப்புக் கேட்டாள், அமலோற்பவம் தலையை ஆட்டியதையும் பார்த்தாள். இரண்டு மாதமாகக் கேட் வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தது தெரிந்த பிள்ளை. அமலோற்பவம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறையில் முப்பத்திரண்டு பேனா கீறுகிற சத்தம் மட்டும் இருந்தது, எல்லாப் பேனாவும் அதையே எழுதுகிற மாதிரி இருந்தது.

மணி அடித்ததும் தாள்களை வாங்கினாள். பிள்ளைகள் சளசளவென்று வெளியே போனார்கள். பாண்டிமீனா கடைசி, அவளுக்கு நூல் முடிச்சு விழவில்லை, இடது கையால் கட்டிக் கட்டி அவிழ்ந்துகொண்டிருந்தது. கட்டி முடித்துக் கொண்டுவந்து வைத்தாள். வருகைத் தாளின் அடியிலிருந்து அறிக்கையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அமலோற்பவம் அதை உள்ளே தள்ளவில்லை.

"மீனா. அன்னைக்கு டேபிள்ல உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

என்றைக்கு என்று பாண்டிமீனா கேட்கவில்லை. பேனாவை மூடினாள், மூடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டாள். "லிஸ்ட்ல பேரு இல்லன்னு சொன்னாங்க மேடம்."

"அப்ப வேன்கிட்ட நீ ஏம்மா மன்னிப்புக் கேட்ட?"

பிள்ளை பேனாவைப் பைக்குள் போட்டது. எதையோ சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இல்லை, எப்படி வலிக்காமல் சொல்வது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "நீங்க அப்படிச் சொன்னதும் எல்லாரும் என்னையப் பாத்தாங்க மேடம். நான் உள்ளதச் சொல்லிருந்தா எல்லாரும் உங்களையில்ல பாத்திருப்பாங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. குத்திக்காட்டியிருந்தால் அமலோற்பவத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று ஐம்பத்தோரு வயதுக்காரியின் மானத்தை இரண்டு மாதமாகத் தன் தலையில் சுமந்துகொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. முகம் எரிந்தது. காது வரைக்கும் எரிந்தது. பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்தாள், மாட்டினாள், அறிக்கையை இழுத்து வருகைத் தாளின் மேலே வைத்தாள். மூன்றாவது கட்டத்தில் காலையிலிருந்து தனியாக நின்ற 'பா'வை அடித்தாள். பக்கத்தில் த. அமலோற்பவம், உடற்கல்வி இயக்குநர், என்று எழுதி, அதற்குக் கீழே கடைசி ஆட்டத்தில் ஆட்டக்காரி பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டது, பிறகு அதை மறைத்தது, என்று எழுதினாள். மறைத்தது என்ற சொல் மற்றதைவிடப் பெரிதாக விழுந்தது. ஒரு ஆளை எடுத்துவிட்டு அணியை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே முதல்வர் சொன்னார். எடுக்கட்டும் என்று முழுமனதாக நினைக்க அவளால் முடியவில்லை, பயமாகத்தான் இருந்தது, மைதானம் இல்லாத காலையில் ஆறு மணிக்கு எழுந்து என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது. நான்காவது கட்டத்தில் யாருமில்லை என்று எழுதினாள். ஐந்தாவதில் பாண்டிமீனா என்று மட்டும் எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் படித்தாள். வெற்றி இரண்டு என்பதை ஒன்று என்று திருத்தினாள். இவ்வளவும் காகிதம். முதல்வர் படிப்பார், கமிட்டி படிக்கும், பிறகு அது ஒரு ஃபைலுக்குள் போய்விடும். ரோஸ்லின் அதைப் படிக்கப் போவதில்லை, கபடிக்காரிகள் படிக்கப் போவதில்லை, சாப்பாட்டு மேசையில் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருகிற யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும், இது இவ்வளவு சுலபமா என்று ஒரு சந்தேகம் வந்தது, அது சரிதான், கஷ்டமானது இது இல்லை. பாண்டிமீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகலாமா என்று கேட்கவும் செய்யாமல், போகவும் செய்யாமல் நின்றாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீம்ல எல்லாரையும் கிரவுண்டுக்கு வரச் சொல்லு. ரோஸ்லினையும்."

"பரீட்சை முடியிற வரைக்கும் பிராக்டீஸ் இல்லன்னு சொன்னீங்களே மேடம்."

"பிராக்டீஸ் இல்ல."

"பின்ன எதுக்கு மேடம் எல்லாரும்?"

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றவில்லை. பிள்ளையின் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"என்னையப் பாக்கட்டும்" என்றாள்.